தண்டித்தால் 12 வெள்ளி, விடுவித்தால் ஒன்றுமில்லை
ஒரு கிராமத்து மேயரின் கட்டணம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன வரலாறு

நீதிபதி ஒருவர் "குற்றவாளி" என்று தீர்ப்புச் சொன்னால் அவருக்குப் பணம் கிடைக்கும். "குற்றவாளி இல்லை" என்று சொன்னால் ஒரு காசும் கிடைக்காது. இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால், அந்த நீதிமன்றத்தின் படியேறுகிறவனுக்கு நியாயம் கிடைக்கும் என்று யாராவது நம்புவார்களா?

கேட்பதற்கு மன்னராட்சிக் காலத்துக் கதை போல இருக்கிறது. ஆனால் இது நடந்தது 1920-களில், மக்களாட்சிக்குப் பேர்போன அமெரிக்காவில். அந்த நாட்டின் சட்டமே இதற்கு இடம் கொடுத்தது. கிராமத்து மன்றம் தீர்மானம் போட்டு இதை ஏற்றுக்கொண்டது. மாநிலத்தின் மேல் நீதிமன்றங்களும் இதில் தவறில்லை என்றன. 1927-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் தேதிதான், "டூமி எதிர் ஒஹாயோ" என்ற வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த வழக்கத்திற்கு முற்றுப்புள்ளி வைத்தது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது. சாதாரண மக்களும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இதில் நிறைய இருக்கிறது.

மதுவிலக்கு வந்த காலம்

முதலில் அந்தக் காலத்தைப் பார்த்துவிடுவோம். அமெரிக்க அரசமைப்பின் 18-ஆவது திருத்தம் 1919 ஜனவரியில் நிறைவேறி, 1920 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. மது தயாரிப்பதும் விற்பதும் ஓரிடத்திலிருந்து ஓரிடத்திற்குக் கொண்டு செல்வதும் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டன. குடியால் சீரழிந்த குடும்பங்களைக் கண்டு மனம் வருந்திய தாய்மார்களும் தேவாலயங்களும் சமூகத் தொண்டர்களும் பல்லாண்டுகள் பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டம் அது. நோக்கம் நல்ல நோக்கம் என்பதில் ஐயமில்லை.

ஒஹாயோ மாநிலம் இந்த இயக்கத்தின் தாய்வீடு. மதுக்கடைகளை எதிர்த்துப் போராடிய "ஆன்டி சலூன் லீக்" என்ற அமைப்பு 1893-இல் அங்குள்ள ஓபர்லின் நகரில்தான் தோன்றியது. பிறகு அதே மாநிலத்தின் வெஸ்டர்வில் ஊரில் தலைமையகம் அமைத்து, நாட்டின் அரசியலையே ஆட்டிப்படைக்கும் அளவுக்கு வளர்ந்தது.

சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதை நடைமுறைப்படுத்துவது யார்? கூட்டரசின் ஆட்கள் போதவில்லை. பெரிய நகரங்களில் காவலர்களும் நீதிபதிகளும் அக்கறை காட்டவில்லை என்று மதுவிலக்கு ஆதரவாளர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அதற்கு ஒஹாயோ சட்டமன்றம் கண்டுபிடித்த வழிதான் இந்த வழக்கின் வேர். மதுவிலக்கை மீறியவரை, குற்றம் நடந்த மாவட்டத்துக்குள் இருக்கும் எந்த ஊர் மேயரும், எந்த "ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்" அதிகாரியும் விசாரித்துத் தண்டிக்கலாம் என்று சட்டம் செய்தார்கள். அதாவது, ஒரு சிறு கிராமத்தின் மேயர் தன் கிராம எல்லைக்கு வெளியே, மாவட்டத்தின் எந்த மூலையில் பிடிபட்டவரையும் தன் முன் நிறுத்தி விசாரிக்கலாம்.

முதல் குற்றத்துக்குக் குறைந்தது 100 அமெரிக்க வெள்ளி, கூடினால் 1,000 வெள்ளி அபராதம். வெறும் அபராதம் மட்டுமே தண்டனை என்பதால் ஜூரிகள் கிடையாது. மேயர் ஒருவரே கேட்பார், அவர் ஒருவரே தீர்ப்பளிப்பார். அபராதத்தைக் கட்டாதவர் கட்டும்வரை சிறையில் இருக்க வேண்டும்.

பணம் யார் யாருக்குப் போனது?

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. வசூலான அபராதத்தில் பாதி மாநில அரசுக்கு. மறுபாதி, விசாரணை நடத்திய ஊராட்சிக்கு. அது போக, வழக்கை விசாரித்ததற்கான கட்டணம் மேயருக்கு. அந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டியவர் தண்டிக்கப்பட்டவர். விடுதலை செய்யப்பட்டவரிடம் கட்டணம் வாங்க முடியாது. அரசும் கொடுக்காது. ஆகவே மேயருக்குத் தண்டித்தால் வரவு, விடுவித்தால் வெறுங்கை.

ஒஹாயோவின் தென்மேற்கு மூலையில் ஹாமில்டன் மாவட்டம் இருக்கிறது. நான்கு லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த சின்சினாட்டி மாநகரம் அந்த மாவட்டத்தில்தான் உள்ளது. அதன் பக்கத்தில் நார்த் காலேஜ் ஹில் என்று ஒரு சிற்றூர். மக்கள்தொகை 1,104. அந்த ஊரின் மேயர் பியூ. ஊர் மன்றம் ஒரு தீர்மானம் போட்டது: மதுவிலக்கு வழக்குகளில் குற்றவாளி என்று தீர்ப்பாகும் ஒவ்வொரு வழக்கிலும், மேயர் தமது வழக்கமான சம்பளத்தோடு விசாரணைக் கட்டணத்தையும் தாமே வைத்துக்கொள்ளலாம். ஊருக்கு வரும் பங்கில் பாதியை "இரகசியக் காவல் நிதி" என்ற தனிக் கணக்கில் போட வேண்டும். துப்பறிவோருக்கும் வழக்கை நடத்தும் வழக்கறிஞருக்கும் வசூலாகும் அபராதத்தில் விழுக்காட்டுக் கணக்கில் ஊதியம்.

பிடிக்கிறவருக்குப் பங்கு, குற்றம் சாட்டுகிறவருக்குப் பங்கு, தீர்ப்புச் சொல்கிறவருக்குப் பங்கு, ஊர்க் கருவூலத்துக்குப் பங்கு. குற்றம் சாட்டப்பட்டவரைத் தவிர அந்த அறையில் இருந்த எல்லாருக்கும், அவர் குற்றவாளி ஆவதில் ஆதாயம் இருந்தது.

இந்த ஏற்பாடு எவ்வளவு "வெற்றிகரமாக" நடந்தது என்பதற்கு நீதிமன்ற ஆவணத்திலேயே கணக்கு இருக்கிறது. 1923 மே 11 முதல் டிசம்பர் 31 வரை, எட்டு மாதம்கூட நிறையாத காலத்தில், அந்தச் சிற்றூரின் நீதிமன்றம் வசூலித்த மதுவிலக்கு அபராதம் 20,000 வெள்ளிக்கு மேல். ஊரில் உள்ள பச்சைக் குழந்தைகளையும் சேர்த்துத் தலைக்குக் கணக்குப் போட்டால், ஆளுக்கு 18 வெள்ளி! அதில் மாநிலத்துக்குப் போனது 8,992.50 வெள்ளி. ஊரின் பொதுச் செலவுக்கு 4,471.25 வெள்ளி. பாதுகாப்பு நிதிக்கு 2,697.25 வெள்ளி. மீதி இரகசியக் காவல் நிதிக்கு. அந்தக் காலத்தில் வழக்கு நடத்தியவர் பெற்றது 1,796.50 வெள்ளி. துப்பறிவோர் உள்ளிட்ட ஊழியர்கள் பெற்றது 2,697.75 வெள்ளி. மேயர் பியூ சம்பளத்துக்கு மேல் பெற்ற கட்டணம் 696.35 வெள்ளி. மாதத்துக்கு ஏறக்குறைய 90 வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம்.

டூமி கேட்ட கேள்வி

எட் டூமி என்பவர் வைட் ஓக் என்ற வேறோர் ஊரில் கைது செய்யப்பட்டு, நார்த் காலேஜ் ஹில் மேயர் முன் கொண்டுவரப்பட்டார். மது வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. விசாரணை தொடங்குமுன் அவர் தரப்பு ஒரு கேள்வியை எழுப்பியது. "என் வழக்கில் தீர்ப்புச் சொல்ல இந்த மேயருக்குத் தகுதியில்லை. நான் குற்றவாளி ஆனால் இவருக்குப் பணம் கிடைக்கிறது" என்பதே அதன் சாரம்.

மேயர் அந்த ஆட்சேபத்தைத் தள்ளினார். தமக்குத் தகுதி உண்டு என்று தாமே முடிவு செய்துகொண்டு விசாரணையை நடத்தினார். டூமி குற்றவாளி என்று தீர்ப்பானது. 100 வெள்ளி அபராதம், அதையும் செலவுத் தொகையையும் கட்டும்வரை சிறை. அந்தச் செலவுத் தொகையில் மேயருக்குச் சேர வேண்டியது 12 வெள்ளி.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு பணத்தைக் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள். டூமி போகவில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் முறையிட்டார். மேயருக்குத் தகுதியில்லை என்று சொல்லி அந்த நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. ஆனால் அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் மேயரின் தீர்ப்பே சரி என்று மாற்றியது. ஒஹாயோ உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 1926 மே மாதம், இதில் விவாதிக்கத்தக்க அரசமைப்புக் கேள்வி எதுவுமே இல்லை என்று சொல்லி அந்த நீதிமன்றம் முறையீட்டைத் தள்ளிவிட்டது. 12 வெள்ளி விவகாரம் வாஷிங்டனில் உள்ள நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

மேயர் பியூ ஒருவரை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அரசாங்க வேலைக்கு மாதச் சம்பளம் என்பது உலக வரலாற்றில் பெரும்பாலும் பிற்காலத்து வழக்கம். இங்கிலாந்திலும் அதன் வழிவந்த அமெரிக்காவிலும், ஷெரிப், எழுத்தர், கான்ஸ்டபிள் போன்ற பல பதவிகள் கட்டணத்தை நம்பியே நடந்தன. ஓலை கொண்டு போனால் இவ்வளவு, ஆளைக் கைது செய்தால் இவ்வளவு, பத்திரம் பதிந்தால் இவ்வளவு என்று வேலைக்குத் தக்க கூலி. வருமானம் குறைந்த சிற்றூர்களுக்கு இது வசதியாக இருந்தது. ஊர்ப் பணத்தைத் தொடாமலே நிர்வாகம் நடந்தது.

மலேசியாவில் ஜே.பி. என்பது மதிப்புக்குரிய பட்டமாக அறியப்படுகிறது. அமெரிக்கக் கிராமங்களில் அதே ஜே.பி. அதிகாரிகள் சிறு வழக்குகளை விசாரித்துக் கட்டணம் வாங்கிப் பிழைத்தார்கள். எந்த ஜே.பி.யிடம் போவது என்பதை வழக்குப் போடுகிறவரே முடிவு செய்யலாம். தமக்குச் சாதகமாகத் தீர்ப்பளிப்பவரிடமே அவர் மீண்டும் மீண்டும் போவார். அதனால் ஜே.பி. என்ற எழுத்துகளுக்கு "ஜட்ஜ்மென்ட் ஃபார் பிளெயின்டிஃப்", அதாவது "வாதிக்கே தீர்ப்பு" என்று மக்கள் கேலியாக விளக்கம் சொன்னார்கள். கேலிக்குப் பின்னால் இருந்த வேதனை சின்னதல்ல.

இதற்கு நேர்மாறான இன்னொரு மரபும் அதே இங்கிலாந்தில் வளர்ந்து வந்தது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக்கூடாது என்ற மரபு அது. 1610-இல் டாக்டர் பான்ஹாம் வழக்கில் நீதிபதி கோக் இதை அழுத்தமாகச் சொன்னார். மருத்துவர் கழகம் உரிமம் பெறாத மருத்துவருக்கு அபராதம் விதித்தது. அந்த அபராதத்தில் பாதி கழகத்துக்கே சேரும். குற்றம் சாட்டுகிறவரும் தீர்ப்பளிக்கிறவரும் பணம் பெறுகிறவரும் ஒருவராகவே இருக்க முடியாது என்பது கோக்கின் வாதம். 1852-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இங்கிலாந்தின் லார்ட் சான்சலராக இருந்த காட்டன்ஹாம் பிரபு ஒரு கால்வாய் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தார். அந்த நிறுவனத்தில் அவருக்குப் பங்குகள் இருந்தது பின்னர் தெரியவந்தது. அவர் நேர்மை தவறினார் என்று ஒருவரும் நினைக்கவில்லை. ஆனாலும் பிரபுக்கள் சபை அவருடைய தீர்ப்பை ரத்து செய்தது.

ஒஹாயோ வழக்கில் மோதியவை இந்த இரண்டு மரபுகள்தாம். ஒன்று, கட்டணத்தில் நடக்கும் கிராம நிர்வாகம். மற்றொன்று, ஆதாயம் உள்ளவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்ற கொள்கை.

அரசின் வாதம்

உச்ச நீதிமன்றத்தில் ஒஹாயோ அரசுக்காக வாதாட வந்தவர் சாதாரண ஆளல்ல. ஆன்டி சலூன் லீக்கின் மூளையாக விளங்கிய வழக்கறிஞர் வெய்ன் வீலரே நேரில் வந்தார். மதுவிலக்கு இயக்கத்துக்கு இந்த வழக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். கிராமத்து மேயர்களின் நீதிமன்றங்கள் மூடப்பட்டால், ஒஹாயோவில் மதுவிலக்கின் முதுகெலும்பே முறிந்துவிடும்.

அரசுத் தரப்பின் வாதங்களை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. கட்டணம் வாங்கும் முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது, இப்போது மட்டும் அது எப்படி அநியாயமாகும்? 12 வெள்ளிக்காக ஒரு மேயர் தம் மனசாட்சியை விற்றுவிடுவாரா? சட்டத்தை ஊக்கத்தோடு நடைமுறைப்படுத்த ஊராட்சிகளுக்குப் பங்கு கொடுப்பதில் என்ன தவறு? எல்லாவற்றுக்கும் மேலாக, டூமியின் குற்றத்துக்கு ஆதாரம் தெளிவாக இருக்கிறது. அவருக்கு விதிக்கப்பட்டதோ ஆகக் குறைந்த அபராதம். எந்த நீதிபதி விசாரித்திருந்தாலும் இதே முடிவுதானே வந்திருக்கும்? அவருக்கு என்ன நட்டம்?

இந்தக் கடைசிக் கேள்வியைச் சற்று நேரம் யோசித்துப் பார்க்க வேண்டும். "தப்பு செய்தவன்தானே, தண்டனை கிடைத்தால் என்ன?" என்று காப்பிக்கடையில் அமர்ந்து பேசுகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அந்தக் கேள்விக்கு நீதிமன்றம் என்ன பதில் சொல்லப்போகிறது?

டாஃப்ட் சொன்ன பதில்

அப்போது தலைமை நீதிபதியாக இருந்தவர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட். அமெரிக்க வரலாற்றில் அதிபராகவும் தலைமை நீதிபதியாகவும் இரண்டு பதவிகளையும் வகித்த ஒரே மனிதர். அதிபராவதற்கு முன் பிலிப்பைன்ஸ் தீவுகளின் ஆளுநராகவும் இருந்தவர். இன்னொரு பொருத்தம், அவர் பிறந்த ஊர் சின்சினாட்டி. மேயர் பியூவின் கிராமம் இருந்த அதே மாவட்டம். அந்த மண்ணின் நெளிவு சுளிவு அவருக்குத் தெரியும். மதுவிலக்குச் சட்டம் வந்துவிட்ட பிறகு அதை எல்லாரும் மதித்து நடக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியானவர். ஆகவே குடிகாரர்கள் மேல் இரக்கம் காட்டி அவர் இந்தத் தீர்ப்பை எழுதினார் என்று யாரும் சொல்ல முடியாது.

நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக டூமியின் பக்கம் நின்றார்கள். தீர்ப்பை டாஃப்ட் எழுதினார்.

பழைய வழக்கம் என்ற வாதத்தை அவர் வரலாற்றைக் கொண்டே அளந்தார். 1388-இல் இங்கிலாந்தில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் காலத்துச் சட்டம் ஒன்று, சமாதான நீதிபதிகளுக்கு நாளொன்றுக்கு நான்கு ஷில்லிங் கூலி நிர்ணயித்தது. அந்தக் கூலி அபராத நிதியிலிருந்துதான் வந்தது. ஆனால் அது உட்கார்ந்த நாளுக்கான கூலி. எதிரே நிற்பவர் தண்டிக்கப்பட்டாலும் விடுவிக்கப்பட்டாலும் அதே நான்கு ஷில்லிங். தண்டித்தால் மட்டுமே கூலி என்பதற்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது. சில மாநிலங்களில் தண்டனைக் கட்டணம் நடப்பில் இருந்தாலும், அது எல்லாரும் ஏற்றுக்கொண்ட பொது மரபாக என்றும் இருந்ததில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

12 வெள்ளி சின்னத் தொகைதானே என்ற வாதத்துக்கும் பதில் வந்தது. கண்டுகொள்ளத் தேவையில்லாத அற்பத் தொகைகள் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வழக்கிலும் 12 வெள்ளி என்பது அப்படிப்பட்டதல்ல. நேர்மையான மேயர்கள் நிச்சயம் இருப்பார்கள், 12 வெள்ளி அவர்களை அசைக்காது. ஆனால் சட்டம் மகான்களை மனத்தில் வைத்து நீதிமன்றத்தை அமைப்பதில்லை. சராசரி மனிதன் அந்த நாற்காலியில் அமர்ந்தால் அவனுக்குச் சபலம் தட்ட வாய்ப்பு இருக்கிறதா என்பதே கேள்வி. அரசுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நடுவே தராசைச் சற்றும் சாயாமல் பிடிப்பதிலிருந்து அவனை விலகச் செய்யக்கூடிய எந்த ஏற்பாடும், அரசமைப்பின் 14-ஆவது திருத்தம் உறுதி கூறும் முறையான நீதியைப் பறிப்பதாகும். இதுவே தீர்ப்பின் உயிர்நாடி.

மேயரின் சொந்தச் சட்டைப்பையோடு நீதிமன்றம் நின்றுவிடவில்லை. ஊரின் வரவு செலவுக்குப் பொறுப்பானவரும் மேயர்தான். சாலை போட வேண்டும், பழுது பார்க்க வேண்டும், பணம் வேண்டும். அபராதம் விழுந்தால் கருவூலம் நிறையும். ஆகவே தம் கட்டணத்துக்காக இல்லாவிட்டாலும், ஊரின் நன்மைக்காகத் தண்டிக்கும் எண்ணம் அவருக்கு வரலாம். ஊருக்காகச் செய்கிறோம் என்ற நினைப்பு இருக்கும்போது மனம் உறுத்தவும் செய்யாது. இதையும் ஒரு தனிக் காரணமாக நீதிமன்றம் பதிவு செய்தது.

ஊக்குவிப்புப் பற்றிய வாதத்தில் அரசுக்குப் பாதி வெற்றி. குற்றத்தைக் கண்டுபிடிப்போருக்கு வெகுமதி கொடுக்கலாம், தகவல் தருவோருக்குப் பங்கு கொடுக்கலாம், துப்பறிவோரை வேலைக்கு வைக்கலாம். அதெல்லாம் சட்டமன்றத்தின் விருப்பம் என்றார் டாஃப்ட். ஆனால் அந்த ஊக்கத்தொகை தீர்ப்புச் சொல்கிறவரின் கைக்கு மட்டும் போகக்கூடாது. வேட்டைக்காரனுக்குக் கூலி கொடுக்கலாம். மரத்தடியில் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசுகிறவருக்கு வேட்டையில் பங்கு இருக்கக்கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான பதில் கடைசிக் கேள்விக்கு வந்தது. டூமி குற்றவாளியாகவே இருக்கலாம், ஆதாரம் எவ்வளவு தெளிவாக வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் நடுநிலையான நீதிபதி முன் விசாரிக்கப்படும் உரிமை அவருக்கு இருந்தது. அந்த உரிமை மறுக்கப்பட்டது. ஆகவே தீர்ப்பு செல்லாது. ஆதாரம் தெளிவாக இருக்கிறது என்று சொன்னவர் யார்? அதே மேயர்தானே! தராசு கோணல் என்று தெரிந்த பிறகு, அது காட்டிய எடை மட்டும் சரி என்று எப்படிச் சொல்ல முடியும்?

தீர்ப்புக்குப் பின்

தண்டனைக் கட்டணத்தை நம்பி நடந்த கிராம மது நீதிமன்றங்களின் அடித்தளம் இந்தத் தீர்ப்போடு தகர்ந்தது. வாதாடித் தோற்ற வீலர் அதே ஆண்டு செப்டம்பரில் காலமானார். மதுவிலக்கும் நீண்ட நாள் நீடிக்கவில்லை. 1933 டிசம்பர் 5-ஆம் தேதி 21-ஆவது திருத்தத்தின் மூலம் முடிவுக்கு வந்தது.

ஆனால் மேயர்கள் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று நீதிமன்றம் பொதுவாகத் தடை போடவில்லை. அடுத்த ஆண்டே, 1928-இல், ஒஹாயோவின் செனியா நகர மேயர் பற்றிய வழக்கு வந்தது. அவருக்கு நிலையான சம்பளம். தண்டித்தாலும் விடுவித்தாலும் அது மாறாது. நிர்வாகப் பொறுப்பு அவர் கையில் இல்லை, ஐந்து ஆணையர்களில் அவர் ஒருவர், அவ்வளவுதான். அவர் அளித்த தண்டனையை அதே டாஃப்ட் சரி என்று ஏற்றார். பதவியின் பெயரைப் பார்க்காமல், பணம் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தார்கள்.

பணத்தின் வழி அவ்வளவு சுலபமாக அடைபடுவதில்லை. 1972-இல் அதே ஒஹாயோவின் மன்ரோவில் என்ற சிற்றூர் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இந்த முறை மதுவல்ல, போக்குவரத்துக் குற்றம். வார்டு என்ற ஓட்டுநருக்கு இரண்டு குற்றங்களுக்காகத் தலா 50 வெள்ளி அபராதம். மேயர் தமக்கென்று ஒரு காசும் எடுக்கவில்லை. ஆனால் ஊரின் 1964-ஆம் ஆண்டு வருமானம் 46,355.38 வெள்ளியில், மேயர் நீதிமன்றம் வசூலித்தது மட்டும் 23,589.50 வெள்ளி. பாதிக்கும் மேல்! அந்த வருமானம் போய்விடுமோ என்ற அச்சம் வந்தபோது ஊராட்சி நிர்வாக ஆலோசகரையே அமர்த்தியது. டூமி வழக்கில் சொன்ன இரண்டாவது காரணம் இங்கே உயிர் பெற்றது. மேலே போய் மறு விசாரணை கேட்கலாமே என்று சொல்லப்பட்ட சமாதானத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. முதல் படியிலேயே நடுநிலையான நீதிபதி வேண்டும் என்றது.

1977-இல் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து ஒரு வழக்கு. வீட்டைச் சோதனையிட ஆணை கொடுத்தால் ஜே.பி.க்கு 5 வெள்ளி. ஆணை கொடுக்க மறுத்தால் ஒன்றுமில்லை. அந்த அதிகாரிக்கு வேறு சம்பளம் கிடையாது. தாம் ஏறத்தாழ 10,000 ஆணைகள் கொடுத்திருப்பதாக அவரே சாட்சியம் அளித்தார். பிழைப்புக்காகத்தான் இந்தப் பதவியில் இருப்பதாகவும் ஒளிக்காமல் சொன்னார். அந்த முறையும் செல்லாது என்று தீர்ப்பானது. 2019-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரக் குற்றவியல் நீதிமன்ற வழக்கிலும் இதே கொள்கை பேசியது. நீதிபதிகள் விதிக்கும் அபராதமும் கட்டணமும் அவர்களே நிர்வகிக்கும் நிதிக்குப் போய், நீதிமன்றச் செலவுக்குப் பயன்பட்டதை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. 92 ஆண்டுகள் கழித்தும் டூமி வழக்கு மேற்கோளாக நின்றது.

ஒஹாயோவில் மேயர் நீதிமன்றங்கள் இன்றும் இருக்கின்றன. சட்டம் அவற்றுக்கு வேலி போட்டிருக்கிறது, ஒழித்துவிடவில்லை.

இந்த வரலாறு சொல்லும் செய்தி

மேயர் பியூ கெட்ட மனிதர் என்று தீர்ப்பில் எங்கும் இல்லை. அவர் இலஞ்சம் வாங்கவில்லை. பெற்ற ஒவ்வொரு வெள்ளிக்கும் சட்டமும் ஊர்த் தீர்மானமும் இருந்தன. ஒருவேளை அவர் மனசாட்சிப்படியே எல்லா வழக்குகளையும் விசாரித்திருக்கலாம். ஆனால் அதை டூமி எப்படி அறிவார்? ஊர் மக்கள் எப்படி அறிவார்கள்? ஏன், பியூவுக்கே உறுதியாகத் தெரியுமா? இதுதான் தண்டனைக் கட்டணத்தின் உண்மையான தீமை. கெட்டவருக்கு அது வழி திறந்துவிடுகிறது. நல்லவரையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுகிறது.

மதுவிலக்கு ஆதரவாளர்களுக்கும் இதில் பாடம் உண்டு. குடியை ஒழிக்க வேண்டும் என்பது நல்ல எண்ணம். அதை நிறைவேற்ற அவர்கள் தேர்ந்தெடுத்த வழியோ நீதிமன்றத்தை வசூல் சாவடி ஆக்கியது. ஒருவருக்குத் தண்டனை கிடைக்கும்போது, அவர் செய்த தவறுக்காகக் கிடைத்ததா, பிறருடைய வரவுக்காகக் கிடைத்ததா என்ற ஐயம் மக்களுக்கு வந்துவிட்டால், சட்டத்தின் மேல் இருக்கும் மதிப்பு குறைந்துவிடும். நல்ல சட்டத்துக்கும் அதே கதிதான்.

மலேசியாவும் சிங்கப்பூரும் பெற்றிருக்கும் சட்ட மரபும் இங்கிலாந்தின் பொதுச் சட்டத்திலிருந்து வந்ததே. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகக் கூடாது என்ற விதி இங்கேயும் இயற்கை நீதியின் தூணாக நிற்கிறது. அந்த விதி நீதிமன்றக் கட்டடத்துக்கு மட்டும் உரியதல்ல. சங்கத்தில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் செயலவை, ஆலயக் கணக்கைச் சரிபார்க்கும் குழு, பள்ளியில் பரிசுக்குரியவரைத் தேர்ந்தெடுக்கும் நடுவர் என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலி எங்கே போடப்பட்டாலும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம்: இந்த முடிவால் முடிவெடுப்பவருக்கு ஏதாவது கிடைக்கிறதா?

கிடைக்கிறது என்றால், அவர் எவ்வளவு உத்தமராக இருந்தாலும் எழுந்து வேறொருவருக்கு இடம் விடுவதே முறை. 100 வெள்ளி அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகாமல் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு சாதாரண மனிதர், இந்த விதியை அமெரிக்கக் கிராமங்களின் மேயர் நாற்காலி வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்.